ஸ்காபறோவில் ஒரு சைக்கிள் டைனமோ

அகதிகளைப் பற்றிப் படமெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் முகங்களைத் தேடி வருகிறார்கள். விமான நிலையத்து நாற்காலியில் மடிமீது பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியும், உறைந்த ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை ஊன்றி நிற்கும் ஓர் இளைஞனும் அகப்பட்டுவிட்டால் பாதிப் படம் முடிந்தது என்று எண்ணுகிற இயக்குநர்கள் சிலரோடு நான் வேலை செய்திருக்கிறேன். ஒலிப்பதிவுக்காரனை அவர்கள், பந்தியில் கடைசியாகக் கூப்பிடப்படுகிற தூரத்து உறவினனைப் போல, விளக்குகளும் காமிராவும் நடிகர்களும் இடம்பிடித்த பிற்பாடுதான் நினைத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கிற மூலையில் அவன் தன் நீண்ட கழியோடு நின்றுகொள்ள வேண்டும். அந்த மூலையில் நின்றபடியே நான் கண்ட உண்மை ஒன்றுண்டு. ஊரைவிட்டு வந்தவன் புதிய நாட்டில் குடியேறுவது கண்ணால் அன்று, காதால். பனியையும் உயர்ந்த மாடிகளையும் அவன் ஒரு வாரத்தில் பார்த்துச் சலித்துவிடுகிறான்; ஆனால் தான் குடிவந்த வீட்டின் சப்தங்கள் அவனுக்குக் கேளாமல் போவதற்கோ வருஷங்கள் பிடிக்கும். அப்படி அவை கேளாமல் போன பிறகுதான் அவன் அங்கே உண்மையில் வசிக்கத் தொடங்குகிறான்.

கொழும்பில் வானொலி நாடகங்களுக்குச் சப்தம் கூட்டித் தொழில் பழகிய நான், 1983க்குப் பிறகு கனடா வந்து, பகலில் வேறு ஜீவனமும் இரவில் இந்த வேலையுமாகப் பல குறும்படங்களில் ஈடுபட்டிருக்கிறேன். அவற்றுள் பதினெட்டு நிமிஷம் ஓடுகிற ஒரு படத்தைப் பற்றி மட்டும் இங்கே சொல்ல உத்தேசம். அதன் இயக்குநர் குழந்தைப் பருவத்திலேயே ரொறன்ரோவுக்கு வந்தவர். யாழ்ப்பாணத்தைத் தாயாரின் பேச்சிலிருந்து மட்டும் அறிந்தவர். ஆகையினாலேயே அதைப் பற்றி மிகுந்த சிரத்தை கொண்டவர். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரை அந்தப் பக்கத்து மீன்பிடிகாரர்கள் மீட்ட சம்பவத்திலிருந்து படத்தைத் தொடங்க வேண்டும் என்பது அவருடைய முதல் ஆசை. கையிருப்புப் பணம் சமுத்திரத்துக்குப் போதாது என்று தெரிந்தபின் கதை ஸ்காபறோவில் ஒரு பேஸ்மென்ற்றுக்குள் வந்து அடங்கிற்று. அது கதைக்கு நேர்ந்த பெரிய அதிர்ஷ்டம் என்பது என் அபிப்பிராயம்.

கதை சுருக்கமானது. கொக்குவிலில் சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்த ஒருவர், 1995 ஒக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணம் முழுவதும் எழுந்து நடந்த அந்த இடப்பெயர்வில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து, வன்னியில் சில காலமும் கொழும்பு லொட்ஜில் சில காலமும் இருந்துவிட்டு, 1998 மாரியில் மகனிடம் வந்து சேர்கிறார். மகனுக்கு இரவு வேலை, பகலில் உறங்குவான். தகப்பனாருக்குப் பகலெல்லாம் அந்த நிலவறையும், அதன் உச்சியில் கையகல ஜன்னலும், அகதிக் கோரிக்கை விசாரணைக்காகக் காத்திருப்பதுமே வேலை. அவ்வளவுதான் கதை, யாரும் சாகவில்லை, யாரும் அழவும் இல்லை.

படத்தை நேரடி ஒலிப்பதிவில் எடுப்பதென்று நான் பிடிவாதமாக நின்றேன். தமிழ் சினிமாவில் குரலைப் பிற்பாடு கூடத்தில் உட்கார்ந்து சேர்ப்பதே நெடுங்கால வழக்கம். 2004இல் ‘விருமாண்டி’ நேரடி ஒலியில் வந்தபோது தொழிலில் உள்ளவர்கள் அதை ஒரு விசேஷமாகப் பேசிக்கொண்டதே இதற்குச் சாட்சி. ஆனால் எங்கள் படத்தில் நடித்தவர்கள் தொழில்முறை நடிகர்கள் அல்லர். அவர்களை மறுபடி ஒரு கண்ணாடி அறைக்குள் நிறுத்தித் தங்கள் உதட்டசைவைத் தாங்களே துரத்திப் பேசச் சொன்னால், யாழ்ப்பாணப் பேச்சின் இழுப்பும், வாக்கியத்தின் நடுவே மூச்செடுக்கும் இடமும், ‘ஓம்’ என்பதில் இருக்கிற பத்து விதமான சம்மதமும் சம்மதமின்மையும் எல்லாம் காய்ந்து, பாடப்புத்தகம் வாசிப்பதுபோல் ஆகிவிடும். தகப்பனாராக நடித்த பெரியவருக்கு இளமையில் கோயில் திருவிழா மேடைகளில் இசை நாடகம் ஆடிய பரிச்சயம் உண்டு. ஒலிபெருக்கி இல்லாத மேடையில் வீதியின் கோடி வரை கேட்கப் பேசிப் பழகிய அந்தக் குரல் முதல் நாள் என் கருவியின் முள்ளை ஒரே அடியில் கோடிக்குத் தள்ளிற்று.

“ஐயா, மைக் உங்கட தலைக்கு மேலைதான் நிக்குது, மெள்ளக் கதைச்சாலும் காணும்” என்றேன்.

“அப்ப பின்னுக்கு இருக்கிறவனுக்குக் கேக்காதே தம்பி?” என்றார் அவர்.

அவரைத் திருத்த நான் அதிகம் முயலவில்லை. வீட்டில் அமைதியாக இருக்கிற அந்தப் பாத்திரம், தொலைபேசியில் ஊருக்குப் பேசும்போது மட்டும் மேடைக்குரலில் பேசட்டும் என்று இயக்குநரிடம் சொன்னேன். கடலுக்கு அப்பால் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமானால் உரத்துத்தான் பேச வேண்டும் என்று நம்பிய ஒரு தலைமுறையே எங்களிடையே உண்டல்லவா?

பேஸ்மென்ற்றில் ஒலிப்பதிவு செய்வதென்பது ஓர் இயந்திரத்தின் வயிற்றுக்குள் உட்கார்ந்து ரகசியம் பேச முயல்வதற்குச் சமானம். மேல்மாடியில் வீட்டுக்காரரின் குதிக்கால், குழாயில் தண்ணீர், உடுப்புத் தோய்க்கும் இயந்திரம், இவை எல்லாவற்றுக்கும் அடியில், நிறுத்தாமல் சுருதி போட்டுக்கொண்டிருக்கும் பிரிட்ஜ். பிரிட்ஜை நிறுத்தலாம், நிறுத்துகிறபோது என் கார்ச் சாவியை அதற்குள் வைத்துவிடுவேன். படப்பிடிப்பு முடிந்து வீட்டுக்குப் போகச் சாவியைத் தேடும்போது அது நின்றிருப்பது ஞாபகத்துக்கு வரும். வீட்டுக்காரரின் இறைச்சியும் கெடாது. இது உலகெங்கும் ஒலிப்பதிவுக்காரர்கள் செய்கிற உபாயம்தான்.

அந்தச் சுருதியைப் பற்றி ஒரு வார்த்தை. இலங்கையில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, கனடாவில் 60. ஆகவே மின்சாரத்தில் ஓடுகிற குழல்விளக்கும் மின்மாற்றியும் பிரிட்ஜும் இரண்டு நாடுகளிலும் வெவ்வேறு சுருதியில் முனகுகின்றன. 50க்கு 60 என்பது ஐந்துக்கு ஆறு. சங்கீதக்காரர் கணக்கில், ஊரின் முனகலை ஷட்ஜமாக வைத்தால் ரொறன்ரோவின் முனகல் சரியாகச் சாதாரண காந்தாரத்தில் வந்து நிற்கிறது. வந்த புதிதில் எதையோ எண்ணிச் சஞ்சலப்படுகிற மனிதர்களை நான் பார்க்கும்போதெல்லாம், சுவர்களே அவர்களுக்கு அன்னியமான சுவரத்தில் பாடுகின்றன என்று நினைத்துக்கொள்வேன். அது என் தொழில் தந்த பித்தாகவும் இருக்கலாம். அதிலும் எங்கள் கதாநாயகர் வந்த யாழ்ப்பாணத்தில் 1990 முதல் லக்சபானா நீர்மின் நிலையத்திலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரமே இல்லாமற் போயிருந்தது. அவருடைய காதில் இருந்தது ஐம்பதும் அன்று, அறுபதும் அன்று, வெறும் நிசப்தம். அதன் நடுவே தூரத்து விமானம்.

குளிர்காலத்தில் ஃபர்னஸை மட்டும் நிறுத்த முடியாது. நிறுத்திப் பார்த்தோம், சற்று நேரத்தில் நடிகர்களின் பற்கள் அடிக்கிற சப்தம் மைக்கில் விழுந்தது. ஆகவே அதைப் பகைத்துக்கொள்வதைவிடப் பாத்திரமாகவே ஏற்றுக்கொள்வோம் என்று தீர்மானித்து, ஓர் இரவு எல்லோரையும் அனுப்பிவிட்டு அதன் முன் தனியே உட்கார்ந்தேன். கனடா வீடுகளின் ஃபர்னஸ் சங்கீதக் கச்சேரிபோல் ஒரு கிரமத்தில் எழும்புவது. முதலில் மேலே சுவரிலுள்ள தெர்மோஸ்ராற்றில் ஒரு சொடக்கு. பிறகு ஒரு சிறு விசிறியின் மெல்லிய ஓசை. பிறகு எரிவாயு பற்றிக்கொள்கிற ‘புஸ்’ என்ற மூச்சு. சற்று நேரம் ஒன்றுமில்லை. அதன்பின் பெரிய ஊதுவிசிறி விழித்து வீடு முழுவதும் காற்றைத் தள்ளத் தொடங்கும். கடைசியாக, சூடேறிய தகரக் குழாய்கள் விரிந்து சுவருக்குள் எங்கோ ‘டொக், டொக்’ என்று தட்டும். இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுகிற ஓசை எதற்கு அடையாளம் என்று அறிந்த ஊரிலிருந்து வந்தவர் அந்தத் தகரத்தின் தட்டலை எப்படிக் கேட்பார் என்பதை நான் இயக்குநருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. நடிகருக்கும் விளக்கவில்லை. முதல் இரவுக் காட்சியில் அவர் தாமாகவே எழுந்து உட்கார்ந்து, சட்டையைப் போட்டுப் பொத்தான்களையும் பூட்டிக்கொண்டார். யாரும் சொல்லிக் கொடுக்காத செய்கை அது.

படத்தில் அந்த ஃபர்னஸ் ஐந்து இடங்களில் வருகிறது. முதல் தடவை அதை அதன் இயற்கையான அளவைவிடக் கொஞ்சம் உயர்த்தி வைத்தேன். அடுத்தடுத்த இடங்களில், ஒருவருக்கும் தெரியாத அளவில், படிப்படியாக இறக்கினேன். சொடக்கு போயிற்று; பிறகு ‘புஸ்’ போயிற்று; கடைசிக் காட்சியில் தகரக் குழாய் தட்டத்தான் செய்கிறது, ஆனால் பெரியவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறார், அவருக்கும் கேட்கவில்லை, பார்ப்பவருக்கும் கேட்கவில்லை. கனடா தமக்குப் பழகிவிட்டதென்று அவர் ஒரு வசனமும் பேசுவதில்லை.

மாரிக்காலத்து உடுப்பு என்பது எங்கள் தொழிலுக்கு இன்னொரு விரோதி. நைலோன் ஜக்கெற் அணிந்தவர் கையை அசைத்தாலே சரசரவென்கிறது. அதற்குள் கொலர் மைக்கை வைத்தால் வசனத்துக்குப் பதிலாகச் சருகில் பாம்பு போகிற ஓசைதான் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் உபயோகிக்கிற ஒட்டுத்துணியால் மைக்கைத் தோலோடு ஒட்டித் தப்பினோம். பனியில் நடக்கிற காலோசையையோ வெளியே பதிவு செய்ய முடியவில்லை. தெருவின் கார்கள் விடவில்லை. ஆகவே வானொலி நாட்களின் பழைய வித்தையை எடுத்தேன்: ஒரு தோல் பையில் சோளமாவை இறுகக் கட்டி, மைக் அருகே விரல்களால் அழுத்தினால், கடுங்குளிரில் பனி நெரிபடுகிற அந்தக் கிறீச்சொலி அப்படியே வரும். அடுப்படியில் நின்ற வீட்டுக்கார அம்மா என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “தம்பி, உது புட்டுக்கோ படத்துக்கோ?” என்று கேட்டார்.

விசாரணைக் காட்சிக்கு வருகிறேன். 1985 ஏப்ரல் 4ஆம் தேதி கனடா உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பு எங்கள் சமூகத்தில் எத்தனையோ பேருடைய வாழ்வை நிர்ணயித்தது. அதற்கு முன் அகதிக் கோரிக்கைக்காரர் ஓர் அதிகாரி முன் சொன்னது எழுத்தாகி, அவரை ஒரு நாளும் கண்டிராதவர்கள் மேசைக்குப் போய், அங்கே முடிவாகும். முடிவு செய்கிறவர் முன் நின்று தன் வாயால் சொல்லும் உரிமை கோரிக்கைக்காரருக்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் சாரம். அதைத் தொடர்ந்தே 1989இல் குடிவரவு, அகதிகள் சபை ஏற்பட்டது. சப்தத்தை நம்பிப் பிழைக்கிற என் போன்றவனுக்கு இந்தச் சட்ட சரித்திரம் ஒரு தனியான திருப்தியைத் தருவது: காகிதம் போதாது, குரல் வேண்டும் என்று ஒரு தேசத்தின் நீதிபதிகள் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த நாட்களில் விசாரணைகள் கசெற்றில் பதிவாயின. கோரிக்கைக்காரர் தலையை ஆட்டினால், “வாயால் பதில் சொல்லுங்கள், தலையாட்டுவது நாடாவில் விழாது” என்று ஞாபகப்படுத்துவார்கள். ஆமென்பதற்கும் இல்லையென்பதற்கும் ‘பார்க்கலாம்’ என்பதற்கும் தலையையே நம்பியிருக்கிற நம்மவருக்கு அது எவ்வளவு சங்கடம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நாங்கள் அதைப் படத்தில் வைத்தோம். மொழிபெயர்ப்பாளர், வழக்கப்படி, பெரியவர் சொல்வதை ‘நான்’ என்றே ஆங்கிலத்தில் சொல்கிறார். அவர் குரல் இளமையானது, தெளிவானது, எந்தப் பாலத்தையும் இரவில் கடந்திராதது. இரண்டு குரல்களில் எதை முன்னே வைப்பது என்று எனக்கும் இயக்குநருக்கும் நெடுநேரம் வாதம் நடந்தது. ஆங்கிலத்தை முன்னே வைத்தால் அன்னியர் கதையைப் பின்தொடர்வர் என்றார் அவர். கீழே எழுத்து ஓடத்தானே போகிறது என்றேன் நான். கடைசியில் பெரியவரின் குரலுக்கு மேசையின் இந்தப் பக்கத்தில் ஒரு மைக்கை மிக அருகிலும், மொழிபெயர்ப்பாளருக்குச் சற்று எட்டவும் வைத்துப் பதிந்தேன். ஆகவே ஆங்கிலம் தெளிவாகக் கேட்கும், ஆனால் அது அறையில் இருக்கும். தமிழோ பார்ப்பவரின் காதருகே இருக்கும்.

நாவற்குழிப் பாலத்தில் மழையில் ஜனநெருக்கத்தில் மனைவியின் கை நழுவியதைப் பெரியவர் சொல்லிக்கொண்டு வருகிறார். அவளைப் பிறகு எங்கே கண்டார் என்று சொல்லப்போகிற தறுவாயில் கசெற் முடிந்து பொத்தான் ‘டக்’கென்று எழும்புகிறது. எல்லோரும் காத்திருக்கிறார்கள். நாடாவைத் திருப்பிப் போடுகிறார்கள். “தொடருங்கள்” என்கிறார் அதிகாரி. பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அவ்வளவுதான்” என்கிறார். இந்த இடத்தை எழுதியவர் இயக்குநரே. அவருடைய தமிழ் எழுத்துப் பிழை நிறைந்தது. ஆனால் நாடகம் அறிந்த கை அது.

சண்டை எங்களுக்குள் வந்தது யுத்த சப்தத்தில். பெரியவர் தூக்கத்தில் ஷெல் விழுகிற ஓசை வர வேண்டும், ஹெலிகொப்டர் கேட்டால் அவர் மேசைக்கடியில் பதுங்க வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். நான் மறுத்தேன். ஷெல்லைக் கேட்டவர்களுக்கு அதைக் கொட்டகையில் மறுபடி கேட்க வேண்டிய அவசியம் இல்லை; கேளாதவர்களுக்கு நாம் எதைப் போட்டாலும் அது சினிமா வெடியாகவே கேட்கும். பதுங்குவதைப் பற்றியோ என் அபிப்பிராயம் இன்னும் கடுமையானது. வானத்தைக் காதால் வாசிக்கத் தெரிந்த ஜனங்கள் அவர்கள்: ஹெலியை ஒரு விதமாகவும், பொம்மரை ஒரு விதமாகவும், மெதுவாகப் பறந்து குண்டு தள்ளுகிற கனத்த விமானத்தைச் ‘சகடை’ என்று பெயரிட்டு ஒரு விதமாகவும், பிற்காலத்தில் தன் ஓசைக்கு முன்பே வந்துவிடுகிற கிபிரை வேறு விதமாகவும் இனம்பிரித்து, எத்தனை நிமிஷத்தில் பங்கருக்குள் இறங்க வேண்டும் என்று அடுப்பை அணைக்காமலே கணக்குப் பார்த்தவர்கள். அத்தகையவரைக் கண்ட ஹெலிக்கெல்லாம் நடுங்க வைப்பது அவமரியாதை. படத்தில் ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் ஒன்று வீட்டின் மேலாகப் போகிறது. பெரியவர் தேத்தண்ணியை ஆற்றியபடி, தலையை உயர்த்தாமல், “தாழப் போறான்” என்கிறார். அவ்வளவே வைத்தோம்.

அவருடைய ஊரை நாங்கள் கொண்டுவந்தது சைக்கிள் டைனமோவால். பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றறி யாழ்ப்பாணத்துக்குள் வர விடப்படாத பண்டங்களில் ஒன்று. சைக்கிளை நிறுத்தியில் ஏற்றி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வருகிற மின்சாரத்தை நாலு டயோடும் ஒரு கபாசிற்றரும் வைத்து நேராக்கி, அதில் வானொலியையும் கசெற்றையும் ஓட விட்டார்கள். பீபீசி தமிழோசைக்காக ஒருவர் மாறி ஒருவர் பெடல் சுற்றிய திண்ணைகள் எத்தனையோ. எங்கள் கதாநாயகர் அவ்வகை ஏற்பாடுகளைத் தம் கடையில் செய்து கொடுத்தவர். வீட்டுக்காரரின் கராஜில் ஒரு பழைய சைக்கிளைக் கண்டு, அதைக் கவிழ்த்து வைத்து, அவர் அந்த வேலையைத் திரும்பவும் செய்கிறார்.

அந்த டைனமோவைத் தேடிப் பிடிப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. அந்த மாதிரிப் போத்தல் டைனமோவை இங்கே யாரும் பாவிப்பதில்லை. கிடைத்தபின் அதன் சிறு சில்லு ரயரின் பக்கத்தில் உராய்கிற இடத்துக்கு இரண்டு விரற்கடை தூரத்தில் ஒரு மைக்கும், கொங்கிறீற் தரையில் கவிழ்ந்த இருக்கைக்குக் கீழே இன்னொன்றும் வைத்தேன். முதல் சுற்றில் கரகரப்பு. வேகம் ஏற ஏற அது ஒரு முனகலாகி, பின் ஒரு ஸ்வரமாகி மேலே போகிறது. கசெற்றில் ஒரு பழைய நாதஸ்வரம். பெரியவரின் கை சோர்ந்தால் மோட்டார் தளர்ந்து நாதஸ்வரமும் சுருதி இறங்கி அழுகுரலாகும். மறுபடி சுற்றினால் ஏறும். நடிகர் அதை விளையாட்டாகப் பிடித்துக்கொண்டு, ராகத்தின் ஒரு பிடியைத் தம் கையாலேயே நீட்டியும் குறுக்கியும் காட்டினார். வேலையால் வந்த மகன் வாசலில் நின்று, “ஏன் அப்பா, அங்கை பிளக் இருக்குதே” என்கிறான். “பிளக்கிலை வாறது சும்மா வருது” என்கிறார் தகப்பன். அந்த வசனம் எழுதப்பட்டதன்று. பெரியவர் தாமாகச் சொன்னது. அவர் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதால் முதற் பாதி சற்று அமுங்கியிருக்கிறது. வேறு ‘ரேக்’ எடுக்க நான் சம்மதிக்கவில்லை.

முதல் திரையிடல் ஸ்காபறோவில் ஒரு பாடசாலை மண்டபத்தில் நடந்தது. விசாரணைக் காட்சியில் மண்டபம் அடங்கியிருந்தது, எதிர்பார்த்ததுதான். எதிர்பாராதது சமையல் காட்சியில் நடந்தது. பெரியவர் முதல் முறையாக அடுப்படியில் செத்தல் மிளகாய் வறுக்கிறார், புகை எழும்புகிறது, கூரையிலுள்ள புகைமணி அலறத் தொடங்குகிறது, அதை எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் அவர் அதற்குக் கீழே நின்று கையைக் கூப்பாத குறையாகப் பார்க்கிறார். பயமும் தனிமையும் நிறைந்த காட்சி என்று கருதி, அந்த அலறலைக் காது கூசுகிற அளவுக்கு நான் ஏற்றியிருந்தேன். மண்டபம் முழுவதும் சிரித்தது. துவாயால் விசிறியதும், பொலித்தீன் பையை இழுத்துக் கட்டியதும், பற்றறியைக் கழற்றி அலுமாரியில் ஒளித்ததும் எல்லார் வீட்டிலும் நடந்த கதை. பின்வரிசையில் ஒரு பெண்மணி, “தும்புத்தடியாலை தட்டுங்கோ!” என்று திரையை நோக்கிச் சத்தமிட்டார்.

இயக்குநருக்கு முகம் வாடிவிட்டது. வெளியூர் விழாக்களுக்கு அனுப்புமுன் அந்தக் காட்சியை வெட்டிவிடலாமா என்று அன்றிரவே கேட்டார். கூடாது என்று நானும் படத்தொகுப்பாளரும் ஒரே குரலில் சொன்னோம். அதற்கு மாறாக, மணி நின்றபின் வருகிற மகனின் வசனம் சிரிப்பில் அமுங்கிப் போனதால், அதற்கு முன்னால் எட்டு விநாடி வெறும் அறையைச் சேர்த்தோம். அந்த எட்டு விநாடிக்குப் படம் போதவில்லை. பெரியவரின் முதுகை வைத்துச் சமாளித்தார் தொகுப்பாளர். சப்தம் போதாமற் போகவில்லை. பிரிட்ஜை மறுபடி ஓடவிட்டு, எல்லோரையும் அசையாமல் நிற்கவைத்து நான் பதிந்து வைத்திருந்த வெறும் அறையின் ஓசை என்னிடம் ஐந்து நிமிஷத்துக்கு மேலேயே இருந்தது.